டெல்சினா வளர்க்காத பத்தொன்பது ஆடுகள்

டெல்சினா கிரீனிட்ஜுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் முப்பத்தொரு வருடம் ஆடு வளர்த்தாள். நடுவில் ஏழே ஏழு வாரம் மட்டும் தன்னிடம் ஆடே கிடையாது என்று சாதித்தாள். அந்த ஏழு வாரத்தைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன். அவள் என் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கிறாள். கையில் எப்போதும் ஆடு கட்டுகிற இரும்பு முளை இருக்கும்.

நான் கோல்வின். பார்படோஸ் தீவில், செயின்ட் பிலிப் பக்கம் சீலி கேப் என்கிற தெருவில், இறக்கம் முடிகிற இடத்தில் இருக்கிற ரம் கடை என்னுடையது. மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுவதும் முதலில் என் கடைக்குத்தான் வரும், வாடிக்கையாளர்கள் பிறகுதான் வருவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெல்சினாவின் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டியவர்கள். அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலைக்குப் போனாள், இன்னமும் போகிறாள். இருபத்தாறு வயதில் தேவாலய விழாக் குலுக்கலில் ஒரு சீட்டு வாங்கினாள். முதல் பரிசு தையல் மெஷின். இவளுக்கு விழுந்தது இரண்டாம் பரிசு, ஒரு பெட்டைச் செம்மறி. மாற்றிக் கொடுங்கள் என்று பாதிரியாரிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றாள். அவர் ஜெபம் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், அவள் வீடு போய்ச் சேரும் வரை வெளியே வரவில்லை.

ஆடு வந்துவிட்டது, நிறுத்த இடம் வேண்டுமே! அவள் மனை எவ்வளவு பெரியது என்றால், பின்வாசலில் தும்மினால் முன்வாசலில் நிற்பவன் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்னப் பட்டி போட்டதோடு இடம் தீர்ந்தது. அதனால் மறுநாள் காலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி, மவுண்ட் பிராஸ்பர் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் முளை அடித்துக் கட்டினாள். சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. புல் இருக்கிறது, ஆடு இருக்கிறது, நடுவில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பிறகு தோட்ட முதலாளிகள் கரும்பையே விட்டுவிட்டு இங்கிலாந்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நிலம் முழுக்கப் புல். ஒரு ஆடு பத்தொன்பது ஆயிற்று. மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்துக் கனடாவுக்கு அனுப்பியது அந்த ஆடுகள்தான். புயலில் பறந்த கூரையைத் திரும்பப் போட்டதும் அவைதான்.

நிலத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. ‘அத்துமீறி நுழைவோர் மீது வழக்குத் தொடரப்படும்.’ ஊரிலேயே உறுதியான கம்பம் அதுதான் என்பதால் டெல்சினா தன் கிடாவை அதில்தான் கட்டுவாள். கிடாவின் பெயர் பிஷப்.

இப்படி இருக்கும்போதுதான் சோலார் கம்பெனி வந்தது.

பள்ளிக்கூட ஹாலில் கருத்துக்கேட்புக் கூட்டம். கம்பெனி சார்பில் வந்தவர் மிஸ்டர் ரென்விக். தலைநகர் பிரிட்ஜ்டவுன்காரர், முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை. சட்டை மடிப்பில் விரல் வைத்தால் ரத்தம் வரும், அப்படி இஸ்திரி. மவுண்ட் பிராஸ்பர் நிலத்தில் நாற்பது ஏக்கரில் சோலார் பேனல் வரும், நாட்டுக்கு எண்ணெய் இறக்குமதி குறையும், பேனலுக்கு அடியில் செம்மறி மேயும், அதனால் விவசாய நிலம் விவசாய நிலமாகவே இருக்கும் என்று திரையில் படம் காட்டினார். படத்தில் இருந்த ஆடுகள் வெளிநாட்டு ஆடுகள், உடம்பெல்லாம் கம்பளி. எங்கள் வெயிலில் அந்தக் கம்பளியோடு பாவம் என்று எனக்கே தோன்றியது.

கடைசியில் அவர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்:

“இந்த நிலத்தை இப்ப யாராவது பயன்படுத்துறீங்களா?”

ஹாலில் எண்பது பேர் இருந்தோம். ஒரு இருமல்கூட இல்லை.

எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பேப்பரும் பேனாவுமாக ஒருத்தன் வந்து, ‘இது யாருடையது? யார் செய்தது?’ என்று கேட்டால் எங்களிடம் ஒரே பதில்தான்: தெரியாது. தோட்டத்துக் காவல்காரன் கரும்புச் சக்கையைக் காட்டி யார் தின்றது என்று கேட்டபோது எங்கள் பாட்டன்மார் வாயில் சாறு வழிய வழியச் சொன்ன பதில். காவல்காரன் செத்து அறுபது வருடம் ஆகிறது. பதில் மட்டும் சாகவில்லை.

ரென்விக் விடவில்லை. அடுத்த படத்தைப் போட்டார். ட்ரோன் எடுத்த படம். பச்சைப் புல், நடுவில் பழுப்பு நிற முதுகுகள், மொத்தம் பத்தொன்பது. பலகைக் கம்பத்தில் பிஷப் வேறு நிமிர்ந்து நின்று ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த ஆடெல்லாம் யாருதுங்க?”

எண்பது தலையும் டெல்சினா பக்கம் திரும்பி, உடனே கூரையைப் பார்த்தது. வழக்கு, அபராதம், முப்பத்தொரு வருடத்துப் புல்லுக்குக் கணக்கு என்று என்னவெல்லாம் அவள் மண்டையில் ஓடியதோ, எழுந்து நின்று சொன்னாள்:

“அது காட்டு ஆடு, சார்.”

“பார்படோஸ்ல காட்டு ஆடு இருக்கா?”

“குரங்கு இருக்கில்ல? ஆடு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?” இது பின்வரிசையிலிருந்து. சொன்னது யார் என்று கேட்காதீர்கள், நான்தான்.

“கயித்துல கட்டியிருக்கிற மாதிரி தெரியுதே, மிஸ்.”

“அது கொடி சார். இந்தப் பக்கம் கொடி அப்படித்தான் காலைச் சுத்தும்.”

ரென்விக் காகிதத்தில் எழுதிக்கொண்டே சத்தமாக வாசித்தார்: “தற்போதைய பயன்பாடு, இல்லை. உரிமையாளர் இல்லாத ஆடுகள், பத்தொன்பது.” பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “ரொம்ப நல்லதாப் போச்சு. எங்களுக்கு எப்படியும் ஆடு வேணும். இதையே கம்பெனி எடுத்து வளர்க்கும்” என்றார். ஜனங்கள் கை தட்டிவிட்டார்கள், பழக்க தோஷம். டெல்சினாவும் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து என் கடையில் இதே பேச்சு. டார்ன்லி சோலார் கட்சி. அவன் எலக்ட்ரீஷியன். வேலை வரும், கரண்ட் பில் இறங்கும் என்று டாமினோ கட்டையை மேஜையில் அறைந்து அறைந்து பேசுவான். டெல்சினாவுக்கும் அவனுக்கும் இருபது வருடமாகப் பழக்கம். என்ன பழக்கம் என்று ஊருக்கே தெரியும். தெரியாது என்று அவர்கள் இருவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமையானால் அவள் ஊறவைத்த பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிப் புட்டிங்கும் செய்வாள், ‘அந்தப் பக்கமா வந்தேன்’ என்று இவன் தட்டோடு வருவான்.

“சோறு போடுற மண்ணுல கண்ணாடியை நட்டுட்டு, அப்புறம் சோலாரை வறுத்துத் தின்பியா?” என்றாள் டெல்சினா.

“அந்த மண்ணு யாருக்குச் சோறு போடுது, சொல்லு பாப்போம்? உனக்கு அதுல என்ன போகுது?”

“எனக்கு ஒண்ணும் போகல. நாட்டு நலன்.”

“நாட்டு நலனாம்! ஏம்ப்பா கோல்வின், கேட்டியா?”

“நீ சனிக்கிழமை தட்டைத் தூக்கிட்டு வருவ இல்ல? அப்ப நாட்டு நலன் என்னன்னு காட்டுறேன்.”

அந்தச் சனிக்கிழமை டார்ன்லி என் கடையில் பிஸ்கட் தின்றான். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

எனக்கு இரண்டு மனம். ஃப்ரீஸர் இரண்டு ஓடுகிறது, கரண்ட் பில்லைப் பிரித்துப் பார்க்கவே தைரியம் வராது. ஆனால் நாற்பது ஏக்கர் பேனலில் விழும் மழை எங்கே ஓடும்? புல் குடித்த தண்ணீரைக் கண்ணாடி குடிக்குமா? என் கடைக்குத்தான் வரும். இதை ரென்விக்கிடம் கேட்டேன். வடிகால் பற்றி ஒரு படம் காட்டினார். படத்தில் மழையே இல்லை.

டெல்சினா உண்மையைச் சொல்ல முடியாததால் மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். சமையல் வேலை முடிந்து வந்ததும், ரேடியோவில் பிற்பகல் ஜனங்கள் பேசுகிற நிகழ்ச்சிக்குத் தினமும் போன் போட்டாள். ‘செயின்ட் பிலிப்பிலிருந்து ஒரு பெண்மணி’ என்றுதான் சொல்லிக்கொள்வாள். பேனல் மினுமினுப்பில் பறக்கும் மீனுக்குக் கண் அவிந்துவிடும் என்றாள். கோழி முட்டை உள்ளேயே வெந்துவிடும் என்றாள். ஒரு நாள் நடுவில் “மே...” என்று கேட்டது.

“பின்னாடி என்ன சத்தம், மேடம்?” என்றார் நிகழ்ச்சிக்காரர்.

“எதிர்க்கடைக்காரர் இருமுறாரு. அவருக்கு ரொம்ப நாளா சளி.”

அன்று சாயங்காலத்துக்குள் எட்டுப் பேர் எனக்கு இருமல் கஷாயம் கொண்டு வந்தார்கள்.

காட்டு ஆட்டைக் கட்டி வைக்க முடியாது அல்லவா? அதனால் முளையையும் கயிற்றையும் ஒளித்து வைத்துவிட்டு, காலையில் சும்மா ஓட்டிவிட்டாள். முப்பத்தொரு வருடம் கயிற்றில் வளர்ந்த வம்சம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் வட்டம் போட்டு மேய்ந்தது. மறுநாள் தெரிந்துகொண்டது. பிஷப் தேவாலயத்துக்குள் போய்ப் பீடத்தில் இருந்த பூவைத் தின்றான். பேருக்கு ஏற்ற இடம்தான் என்று பாதிரியாரே விட்டுவிட்டார். ஆனால் ஐந்து மணி அடித்தால் பத்தொன்பதும் வரிசையாக ரோட்டைக் கடந்து டெல்சினா வீட்டுப் பட்டிக்குள் போய்விடும். அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ரென்விக் அந்த வரிசைக்குப் பின்னாலேயே நடந்து வந்துவிட்டார். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ் கிரீனிட்ஜ், இந்தக் காட்டு ஆடெல்லாம் உங்க வீட்டுக்குள்ள போகுதே!”

டெல்சினா ஒரு நொடி திகைத்தாள். ஒரே ஒரு நொடிதான். பிறகு இடுப்பில் கை வைத்தாள். “பாத்தீங்களா சார் அநியாயத்தை? தினமும் இதே தொல்லை. தனியா இருக்கிற பொம்பள நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

அந்தப் பிள்ளைக்கு மனம் உருகிவிட்டது. “எழுதிக் கொடுங்க மிஸ், நாங்க பாத்துக்கறோம்” என்று பேனாவை நீட்டினார். மறுக்க வழியில்லை. ‘காட்டு ஆடுகள் என் வீட்டில் புகுந்து தொல்லை செய்கின்றன’ என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

“இன்னொரு விதத்துல நிம்மதி. அங்க யாராவது ஆடு மேய்ச்சிட்டிருந்தா, அவங்களுக்கு வேற மேய்ச்சல் இடம் கொடுக்காம வேலையைத் தொடங்க முடியாதுன்னு விதி இருக்கு. நல்லவேளை, யாரும் இல்ல.”

அவர் போன பிறகும் டெல்சினா இடுப்பில் வைத்த இடக் கையை எடுக்கவில்லை. “கோல்வின்,” என்றாள், “அவன் என்ன சொன்னான்?”

“உன் காதுல விழுந்ததுதான்.”

“இதை மொதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“நீயும்தான் சொல்லியிருக்கலாம்.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே கம்பெனி ஆட்கள் வந்து பத்தொன்பது காதிலும் மஞ்சள் வில்லை அடித்துவிட்டுப் போனார்கள். ஒன்று முதல் பத்தொன்பது வரை எண், கீழே கம்பெனி பெயர். வேலி போடக் கம்பிச் சுருள்கள் வந்து இறங்கின. கடைசிக் கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, டெல்சினா என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. மரப்பட்டை காய்ச்சின கசப்புப் பானம், மாபி, ஊற்றி வைத்தேன். தொடவில்லை.

“மெர்ல் குட்டி போட்டிருக்கா. ரெட்டை.”

“நல்ல விஷயம்தானே?”

“நான் ஸ்கூல்ல சமைச்சிட்டிருந்தேன். வந்து பாக்குறேன், ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள ரெண்டு குட்டி காதுலயும் வில்லை. இருபது, இருபத்தொண்ணு.” அவள் குரல் உடைந்தது. “முப்பத்தொரு வருஷத்துல நான் கையில ஏந்தாம ஒரு குட்டி பொறந்ததில்ல, கோல்வின். என் பேரச் சொல்லிக்கக்கூட அதுங்களுக்கு நாதியில்லாமப் பண்ணிட்டேனே.”

டெல்சினா அழுது நான் பார்த்ததில்லை. ரேடியோவில் இருபது தடவை அழுதிருக்கிறாள், அதெல்லாம் கணக்கில் சேராது. நான் ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தேன்.

திங்கட்கிழமை ஹால் நிரம்பிவிட்டது. அரசாங்கத் திட்ட அதிகாரி மிஸஸ் ப்ளென்மன் தலைமை. பெரிய கண்ணாடி, சின்னக் குரல், வளவளப் பேச்சு பிடிக்காத அம்மா. “‘தற்போதைய பயன்பாடு, இல்லை’ன்னு எழுதியிருக்கு. யாருக்காவது ஆட்சேபம் உண்டா? இல்லன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன்” என்றார்.

டெல்சினா எழுந்தாள். ஞாயிறு உடை, ஞாயிறுத் தொப்பி. கையில் இரும்பு முளை.

“நான் பொய் சொன்னேன், அம்மா. அது காட்டு ஆடு இல்ல. என் ஆடு. முப்பத்தொரு வருஷமா நான் அந்த நிலத்துலதான் கட்டுறேன். வழக்குப் போடணும்னா போடுங்க.”

ரென்விக் முகம் வெளிறிவிட்டது. “மிஸ் கிரீனிட்ஜ், தொல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே...” என்று அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

மிஸஸ் ப்ளென்மன் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு பக்கம் உங்க கையெழுத்து. இன்னொரு பக்கம் உங்க வாய். எதை நான் நம்புறது? நீங்க அங்க ஆடு கட்டினதை நேர்ல பாத்த சாட்சி யாராவது உண்டா?”

சாட்சியா! ஊரே சாட்சி. ஆனால் பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது எண்பது பேருக்கும் தெரியும். மறுபடி ஹாலில் அந்த அமைதி. காவல்காரனுக்குச் சொன்ன அதே அமைதி. டெல்சினா திரும்பிப் பார்க்கவில்லை. முளையை மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நான்தானே குரங்கைப் பற்றிப் பேசினவன்?

எழுந்து நின்றேன். “நான் பாத்திருக்கேன், அம்மா. தினமும் காலையில ஆறு மணிக்கு.”

“காலையில ஆறு மணிக்கு அந்த நிலத்துல உங்களுக்கு என்ன வேலை?”

தொண்டையைச் செருமினேன். “துவரைக்குக் களை எடுக்கிற வேலை. கால் ஏக்கர் போட்டிருக்கேன். பன்னிரண்டு வருஷமா. ஓரமா கொஞ்சம் மரவள்ளியும் உண்டு.”

ஹாலில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது, பிறகு நாற்காலி தேயும் சத்தம். டார்ன்லி எழுந்துவிட்டான். சோலார் கட்சித் தலைவன்!

“நானும் பாத்திருக்கேன். அவ ஆட்டுக்குத் தண்ணி வாளியைத் தூக்குறதே நான்தான்.”

“எத்தனை நாளா?”

“இருபது வருஷம்.”

“இருபது வருஷமா தினமும் காலையில இந்தம்மாவுக்கு வாளி தூக்குறீங்களா?” மிஸஸ் ப்ளென்மன் ஒரு மாதிரி பார்த்தார்.

“ஆமாங்க. எல்லாரும் கேட்டுக்கோங்க, தூக்குறேன். சோலார் வேணும்னுதான் நான் இன்னும் சொல்றேன். ஆனா அங்க ஒருத்தரும் இல்லன்னு எழுதி வரக் கூடாது.”

டெல்சினாவின் தொப்பிக்குக் கீழே காது சிவந்ததோ என்னவோ, தலை நன்றாகக் குனிந்தது. பிறகு அணை உடைந்த மாதிரிதான். ஒருத்தர் சீமைப்பலா மரம் மூன்று வைத்திருக்கிறேன் என்றார். ஒருத்தர் தேனீப் பெட்டி என்றார். கிரிக்கெட் கோஷ்டி பதினோரு பேரும் ஒன்றாக எழுந்து, பிட்ச் போட்டது நாங்கள்தான் என்றார்கள். கடைசியில் பாதிரியார் எழுந்து, தேவாலயத்துப் பூவெல்லாம் அங்கே பறித்ததுதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்படிப் பார்த்தால் பிஷப் தின்றது தன் பூவைத்தான்.

மிஸஸ் ப்ளென்மன் எழுதிக்கொண்டே இருந்தார். தாள் நிரம்பியது. “இன்னொரு தாள் கொடுங்க” என்று ரென்விக்கிடமே கை நீட்டினார். பாவம், அவர் தன் கோப்பிலிருந்து உருவிக் கொடுத்தார்.

“மிஸ்டர் ரென்விக், சோலார் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா ஆளே இல்லாத நிலம்னு சொல்லி வந்த விண்ணப்பம் இது, இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. இவங்களுக்கு எங்க இடம், மழைத் தண்ணிக்கு எங்க வழின்னு காட்டி, புதுசா எழுதிட்டு வாங்க” என்றார்.

பிறகு, எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். சின்னக் குரல்தான், ஆனால் பின்வரிசை வரை கேட்டது.

“தற்போதைய பயன்பாடு. ஒன்று, டெல்சினா கிரீனிட்ஜ், ஆடு வளர்ப்பவர், முப்பத்தொரு வருடம், செம்மறி பத்தொன்பது...”

“அம்மா,” என்று டெல்சினா கையை உயர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள். “இருபத்தொண்ணு. வியாழக்கிழமை ரெட்டைக் குட்டி.”

மிஸஸ் ப்ளென்மன் பத்தொன்பதை அடித்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதினார்.